ஐந்தாவது மட்டிக்குலை

எனக்கு வேலை உத்தரவு வந்து ஐந்து நாளும் ஏழு மணி நேரமும் ஆகியிருந்தது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. உறையின் மேலிருந்த சர்க்கார் சங்கு முத்திரையே அவருக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கே அஞ்சுகிராமம் சந்தையில் ஐந்து மட்டி வாழைக்குலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். என்னை ஆளாக்கியவர்கள் ஐந்து பேர் என்பது அவர் கணக்கு.

இன்று ஞாயிறு. காலையிலிருந்து வில்வண்டியில் சுற்றுகிறோம்.

பெண்ணைக் காலேஜுக்கு அனுப்பச் சொன்னதே தான்தான் என்றார் வக்கீல். பென்ஷன் வாங்கும் குமாஸ்தா, என் விண்ணப்பத்தை எழுதிய பேனாவை எடுத்துக் காட்டினார். கோட்டாற்று நஜ்முதீன் முதலாளி, என்னைத் திருவனந்தபுரத்தில் கொண்டுபோய் விட்டது தன் வண்டி என்றார். நான்காவது ஆளுக்குத் தான் என்ன செய்தோம் என்பது நினைவில்லை. குலையை வாங்கிக்கொண்டார்.

எல்லாரும் முத்திரையைத் தடவிப் பார்த்தார்கள். ஒருவர்கூட உறையைப் பிரிக்கவில்லை.

உள்ளே இரண்டாவது பத்தி ஒன்று உண்டு. அதை ஐந்தாவது வீட்டுக்காரரிடம் நான் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். நாளை பள்ளி திறக்கிறது. பத்து மணிக்குத் தலைமையாசிரியை அதை எல்லார் முன்னாலும் வாசிப்பார்.

ஐந்தாவது வீடு ஜெயசிங் சாருடையது.

அதே பெண்கள் பள்ளியில் எனக்கு சயன்ஸ் சொல்லித் தந்தவர். இன்டர்மீடியட் வரைதான் படித்தவர். இருபத்திரண்டு வருஷமாக அங்கேதான் இருக்கிறார். எனக்குச் சத்தம் வராது. எது சொன்னாலும், "பின்பெஞ்சுக்குக் கேக்கல்ல" என்பார். ஆக்ஸிஜன் என்ற ஒரு வார்த்தையைப் பதினொரு முறை சொல்லவைத்திருக்கிறார்.

இன்று அவர் யாரையும் பேச விடவில்லை.

"ஏழு வருஷம் மனு எழுதினேம்லா, குமாரதாஸ்! பொம்பளப் பிள்ளைய படிக்க எடத்துல ஒரு பொம்பள பி.எஸ்ஸி. வேணும்னு. இப்பம் பாத்தியளா?"

"எல்லாம் சார் போட்ட பிச்ச," என்றார் அப்பா.

"சார், உத்தரவுல..." என்று தொடங்கினேன்.

"இரி பிள்ளே."

ஒரு அட்டையை எடுத்து வந்தார். சிவப்பு மையில் கோடு போட்ட கால அட்டவணை. இடப்பக்கம் அவர் பெயர், வலப்பக்கம் என் பெயர். "பிசிக்ஸ் ஒனக்கு. கெமிஸ்ட்ரிய நான் விடமாட்டேன், இப்பமே சொல்லிட்டேன்."

ஆசாரியிடம் இன்னொரு நாற்காலிக்கும் சொல்லியாகிவிட்டதாம். தன்னுடையதைவிட இரண்டு விரற்கடை உயரம் குறைவாக. நான் குட்டை என்பதால்.

எனக்கு அந்த அட்டையைக் கிழித்துவிடலாம் போலிருந்தது.

"சங்கக் காட்டு மக்கா," என்றார் அப்பா.

"வண்டியில இருக்கு."

உறை என் சேலை மடிப்புக்குள் இருந்தது. அந்தப் பத்தியை சார் காகிதத்தில் வாசிக்கக் கூடாது.

"ஏட்டி, அதக் காட்டாம இங்க என்னத்துக்கு வந்தோம்?" அப்பா தலையில் அடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வண்டிக்குள் வைக்கோலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

சொன்னேன்.

"என்னது?" சார் அட்டவணையில் எதையோ திருத்திக்கொண்டிருந்தார்.

மறுபடியும் சொன்னேன். முழு வாக்கியத்தையும். ஐந்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியம்.

"ஒண்ணும் கேக்கல்ல. நன்றி சொல்ல வந்தியா, தூணு மாதிரி நிக்க வந்தியா?"

இரண்டு முறை சொல்லியாகிவிட்டது. இரண்டு முறையும் அந்த மனிதர் காதில் விழவில்லை.

அவர் பேனாவை மூடினார். எழுந்து அறையின் கடைசிச் சுவர் வரை நடந்துபோய், அதில் சாய்ந்து நின்று கையைக் கட்டிக்கொண்டார். வகுப்பிலும் இப்படித்தான் செய்வார்.

"நாளைக்கு நாப்பது பிள்ளைய முன்னாலயும் இப்பிடித்தான் முணுமுணுக்கப் போறியா? இதுதான் பின்பெஞ்சு. சொல்லு, எனக்குக் கேக்கணும்."

முற்றத்தில் வண்டிமாடு தலையைத் தூக்கியது. அப்பா வைக்கோலைப் புரட்டுவதை நிறுத்தினார். அவ்வளவு சத்தமாகச் சொன்னேன்.

"அங்க ரெண்டு நாற்காலி இல்ல சார். ஒங்களுக்க வேலையத்தான் எனக்குத் தந்திருக்காவ."