உப்புப் பார்க்கும் வீடு

அடையாறு சபையின் கமிட்டி அறையில் அன்று இருந்தவர்கள்: ஆயர் பொன்னுதுரை, செயலாளர் ஹெப்சிபா, பாடகர் குழுத் தலைவர் ஜெபராஜ், தங்கையா, அவருடைய மைத்துனர் மோசஸ், தேவசகாயம். பிஸ்கட் தட்டு மோசஸின் பக்கம் இருந்தது.

பேச்சு தேவசகாயத்தின் மகன் எபனேசரைப் பற்றியது. அவன் அசோக் நகரில் நல்லசிவம் என்கிறவனோடு குடும்பம் நடத்துகிறான். ஒளிக்கவில்லை. ஞாயிறுதோறும் இருவரும் ஒரே ஸ்கூட்டரில் ஆராதனைக்கு வருகிறார்கள்.

வரட்டும், தடையில்லை. ஆனால் முழு அங்கத்தினனாக ஓட்டுப் போடலாமா, பாடகர் குழுவில் நிற்கலாமா, அசனத்தில் உப்புப் பார்க்கலாமா?

கடைசிக் கேள்விதான் பெரியது. அசனம் என்கிற சபை விருந்தில், தேவசகாயத்தின் வீட்டார் தங்கள் பித்தளைக் கரண்டியில் கறிக்குழம்பை ருசித்து, “சரி” என்ற பிறகுதான் பந்தி. மூன்று தலைமுறை உரிமை. டாக்டர் அவருக்கு உப்பைத் தடுத்ததும் அது மகனுக்குப் போனது. மகன் விலக்கப்பட்டால், அடுத்த முறை தங்கையா வீட்டுக்கு.

தங்கையா வீட்டுக் குழம்பைத் தேவசகாயம் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறார். அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

“அண்ணாச்சி, உங்க பையன் உப்புப் பார்த்த குழம்ப ஜனங்க எப்படிச் சாப்பிடுவாங்க?” என்றார் தங்கையா.

“போன வருஷம் நீங்க மூணு தடவ கேட்டு வாங்கினீங்களே அங்கிள். யாரு யாரோட இருக்காங்கன்னு உப்புக்கா தெரியப்போவுது?” என்றாள் ஹெப்சிபா.

மோசஸ் யோசித்தபடி நான்காவது பிஸ்கட்டை எடுத்தார்.

தேவசகாயம் கஞ்சி போட்ட சட்டை நாற்காலியில் படாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகனோடு பேசி ஏழு மாதம் ஆகிறது.

“எபனேசர் தொடரலாம்னு நினைக்கிறவங்க எழுந்து நில்லுங்க” என்றார் ஆயர்.

ஹெப்சிபா எழுந்தாள். உச்சத்தில் பாட எபனேசரை விட்டால் வேறு ஆள் இல்லாத ஜெபராஜ் அவளுக்கு முன்பே எழுந்துவிட்டார். தட்டு ஆயர் பக்கம் நகர்ந்திருந்ததால், ஐந்தாவது பிஸ்கட்டுக்காக எழப்போன மோசஸின் தொடையைத் தங்கையா அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

இரண்டுக்கு இரண்டு.

முட்டி இரண்டும் சத்தம் போட, தேவசகாயம் எழுந்து நின்றார்.

ஆயர் நோட்டில் எழுதினார். தங்கையாவின் முகம் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் ஆனது.

பெரியவர் கரண்டியைக் காப்பாற்றத்தான் எழுந்தார் என்று சபை முழுக்கப் பேச்சு.

அது தவறு. அன்று காலை, தங்கையா ஆராதனைக்குக் கிளம்பிய பிறகு, தேவசகாயம் அந்தப் பித்தளைக் கரண்டியைப் புளி போட்டுத் துலக்கி, தங்கையாவின் மனைவி கையில் கொடுத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார்.