நாலாம் கருமபீடத்து அறிவித்தல்

பிரதம லிகிதர் ரத்நாயக்க என் கதிரையின் மேல் சப்பாத்தோடு ஏறி நின்று, பதிவுக் கந்தோரில் தமிழ் ஆட்கள் விண்ணப்பம் கொடுக்கும் நாலாம் கருமபீடத்துக்கு மேலே அறிவித்தல் பலகையை ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

அம்பிட்டியா பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த தட்டச்சு மெஷின் என் கையில் கனத்தது.

ஏன் வந்தீர்கள் மிஸ், வேலைதான் வீட்டுக்கு வருகிறதே என்று சிங்களத்தில் கேட்டார்.

எண்பத்து மூன்று ஒக்டோபர். கலவரம் அடங்கி மூன்று மாதம்.

அவர் கெட்டவர் அல்ல. ஜூலையில் என்னை நான்கு நாள் தன் வீட்டில் ஒளித்து வைத்துச் சோறு போட்டவர். அந்த நன்றிக்காகத்தான் அவர் சொன்னபடி இத்தனை நாளும் வாடகை அறையில் இருந்தபடியே கந்தோர்க் கடிதங்களை மொழிபெயர்த்தேன்.

பத்திரமான வேலைதான். யன்னலைத் திறக்கக்கூடாது. மெஷினுக்குக் கீழே கம்பளியை நாலாக மடித்துப் போடவேண்டும். தமிழ் மெஷின் சத்தம் ரோட்டுக்குக் கேட்கக்கூடாது என்பது வீட்டுக்காரம்மாவின் கட்டளை. சத்தத்திலுமா தமிழ் இருக்கிறது என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. வேறு யார் அறை தருவார்கள்?

நாள் முழுக்க ஒரு மனிதர் வந்து "மிஸ்" என்று கூப்பிடாவிட்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த அறையில்தான் அறிந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பத்து வருடம் இருந்த இந்தக் கதிரையை நினைத்து அழுதிருக்கிறேன்.

போன வாரம் பியோன் கொண்டுவந்த கோப்பில் சிங்களத்தில் ஒரே ஒரு அறிவித்தல். தமிழ்க் கருமபீடம் மறு அறிவித்தல் வரை மூடப்படுகிறது. விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பவும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் பலகையில் எழுதித் தரவேண்டும். கந்தோரில் தமிழ் எழுத வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எழுதி, வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பினேன்.

இப்போது அவர் கடைசி ஆணியையும் அடித்து முடித்தார். அந்த நேரம் பார்த்துக் கலஹா பஸ்ஸில் வந்த தோட்டத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே நுழைந்தார்கள். முன்னால் வந்தவளின் கையில் ஒரு குழந்தை. ஜூலையில் பிறந்ததாக இருக்கவேண்டும்; பிறப்பு இன்னும் பதிந்திருக்காது.

அவள் புருஷன் பலகையை அண்ணாந்து பார்த்து, எல்லாருக்கும் கேட்க எழுத்துக்கூட்டி வாசித்தான். ரத்நாயக்க கதிரையில் நின்றபடியே திருப்தியாகத் தலையாட்டினார்.

"தமிழ்க் கருமபீடம் இன்று முதல் தினமும் திறந்திருக்கும். விண்ணப்பங்களை மிஸ் பாலாம்பிகையிடம் நேரில் கொடுக்கவும்."

என் பெயர் மட்டும் அவருக்கு விளங்கியது. தலையாட்டல் நின்றது.

"அப்ப இங்கதான், வாங்க நிப்போம்" என்றாள் அவள். வரிசை கட்டிவிட்டார்கள்.

சுத்தியல் இன்னும் அவர் கையில் இருந்தது. பலகையைப் பிடுங்க அரை நிமிடம் போதும்.

அவர் பலகையைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

பிறகு கீழே இறங்கி, காற்சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து, அதில் பதிந்திருந்த சப்பாத்து அடையாளத்தைத் துடைத்து, கதிரையை என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் மெஷினை வெறும் மேசையில் வைத்தேன். கம்பளியை அறையிலேயே விட்டு வந்திருந்தேன்.

"வாங்கோ, பிள்ளைக்கு என்ன பேர்?" என்று கேட்டு, அவள் சொன்ன பெயரை அடிக்கத் தொடங்கினேன்.

கந்தோர் முழுக்கக் கேட்டது.