நடைபாதையோரப் புல்

பனி உருகியதும் முற்றத்துப் புல்லெல்லாம் பச்சை பிடித்தது. நடைபாதையின் இருபுறமும் மட்டும் வைக்கோலாய்ச் செத்துக் கிடந்தது. பனி கொட்டும் அமெரிக்க ஊரான டுலூத்தில் முப்பது வருஷமாகப் புல் வளர்க்கும் லவோனுக்கு ஒன்றும் புரியவில்லை. பூஞ்சை என்றால் வட்டவட்டமாக அல்லவா வரும்? இது கோடு போட்டது போல் இருக்கிறதே!

மறுநாள் காலை எட்டிப் பார்த்தாள். வேலித் தகராறுக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டு ஆர்விட், அங்கே மண்டியிட்டுப் புல்விதை தூவிக்கொண்டிருந்தார்.

“என் வீட்டுல என்ன பண்றீங்க?”

“கெடுத்தது நான்தானே. அதான் சரி பண்றேன்.”

“நெனச்சேன்! என்னத்தக் கொட்டினீங்க?”

“உப்பு. நான் பனியை வாரித் தள்ளினப்புறம், மிச்சம் உருகட்டும், நீங்க வழுக்கி விழுந்துடக் கூடாதேன்னு தூவினேன். கை கொஞ்சம் தாராளமாப் போயிடுச்சு.”

“கதை விடாதீங்க. நான் எழுந்திரிக்கிறதுக்குள்ள வந்து பனி வாரினது என் மகன் கிரெய்க். போன்ல தேங்க்ஸ் சொன்னா, ‘இதுல என்னம்மா இருக்கு’ம்பான்.”

ஆர்விட் விதையை மண்ணால் மூடினார்.

லவோன் விடுவிடுவென்று உள்ளே போய்ப் போனை எடுத்தாள். “கிரெய்க், பனி வாரினப்ப உப்பு போட்டியா?”

“சேச்சே! உன் புல்லு கருகிடுமேன்னு ஒரு சிட்டிகைகூடப் போடலம்மா.”

லவோன் போனை வைத்தாள். உப்பு போட்டவர்தானே பனியையும் வாரியிருக்க வேண்டும்! பிறகு ஜன்னலைத் திறந்தாள்.

“ஆர்விட், காபி குடிக்க வாங்க. சர்க்கரையை நானே போடறேன். உங்க கைதான் தாராளமாச்சே!”