ஓரணாக் கொலைச்சிந்து

தள்ளிவிட்டது யார் என்று வரப்போகிற இடத்தில் ஞானதாசன் பாட்டை நிறுத்திவிட்டான்.

வடசேரிச் சந்தையில் கொலைச்சிந்து விற்கிறவனுக்கு அதுதான் தொழில். பத்திரிகையில் நாலு வரி வந்தால் போதும். அதற்கு ராகம் போட்டு, இழுத்து நீட்டிச் சிந்தாக்கி அச்சடித்து, முக்கால்வாசியைத் தொண்டை கிழியப் பாடுவான். மிச்சத்துக்குப் புத்தகம் வாங்க வேண்டும். ஓரணா.

அன்றைய சரக்கு, கிணற்றில் பிணமாக மிதந்த கன்னிப்பெண் வடிவாம்பாள்.

வெள்ளி முளைக்கின்ற வேளையிலே – கிணற்று
விளிம்பில் நின்றாளே வடிவாம்பாள்
கள்ளக் காதலன் கைவிட்டதால் – நெஞ்சு
காந்தி நின்றாளே வடிவாம்பாள்!

கூட்டம் மடியை அவிழ்த்தது. உப்பும் மிளகும் வாங்க வைத்திருந்த காசும் சிந்துக்குப் போயிற்று.

கத்தரிக்காய் வாங்க வந்த தாணம்மாள் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுவிட்டாள். வடிவாம்பாளின் அக்காள். பதினாறாம் நாள் காரியம் கழிந்து அன்றுதான் முதல் தடவையாக வெளியே தலைகாட்டியிருந்தாள்.

பக்கத்தில் ஒருவன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தான். தள்ளியவன் எவனும் இல்லையாம். செய்த பாவம் நெஞ்சை அறுக்க, தானே குதித்தாளாம். வயிற்றில் மூன்று மாதமாம்.

பெண் ஒருத்தி கிணற்றில் இறந்து கிடந்தாள் என்றுதான் பத்திரிகை சொன்னது. காதலனும் கர்ப்பமும் ஞானதாசனின் கைச்சரக்கு.

தாணம்மாளுக்கு உச்சிமண்டை எரிந்தது. போலீஸ்காரன் வீடு தேடி வந்து கேட்டபோது தலையைக் குனிந்து நின்றவள்தான். இப்போது ஆண்களை முட்டித் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"ஏலே, எனக்க தங்கச்சி குளத்தை அக்கரைக்கு நீந்துகவ. கிணத்துல சாவாளா? அவ நகத்துக்குள்ள கிழிஞ்ச தோலு இருந்துது. குளிப்பாட்டுனவ நான்."

ஞானதாசன் ஒரு நொடி திகைத்தான். மறுநொடி அவனுக்குள் இருந்த வியாபாரி முழித்துக்கொண்டான். அவளையே கையால் காட்டி, செத்தவளின் கூடப்பிறந்தவளே நேரில் வந்து நிற்கிறாள், புத்தகம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று கூவினான். கைகள் நீண்டன.

பிறகு அவள் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினான். கோபப்படக் கூடாது, ஒழுக்கமாக இருந்த பெண் செத்தாள் என்று பாடினால் ஒரு பிரதி நகராது, அவனுக்கும் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமல்லவா என்றான்.

"கொன்னவன் பேரு அறியுமானா சொல்லுங்க அக்கா. அடுத்த அச்சுல சேத்துக்கிடலாம்."

சொல்ல மாட்டாள் என்ற தைரியம் அவனுக்கு.

தாணம்மாள் அவன் கையிலிருந்த புத்தகக் கட்டைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். காய்கறிக்காரர்கள்கூட விலை பேசுவதை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தார்கள்.

"நீலகண்டன்" என்றாள். தூரத்தில் நின்றவர்களுக்காக இன்னொரு தரமும் சொன்னாள்.

தாலி ஏறிய நாளிலிருந்து அவள் வாயில் வராத பெயர் அது. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டபோதுகூடப் பக்கத்து வீட்டுக்காரியை விட்டுத்தான் சொல்ல வைத்திருந்தாள்.