தண்ணீர் சொட்டாத மூடி

"நவம்பர் 12, 2024, செவ்வாய். இன்று ஒரு தவறு செய்தேன். கல்யாணத் தாம்பாளத்தில் பேர் வெட்டும்போது 2024 என்பதற்கு 2014 என்று வெட்டிவிட்டேன். அண்ணன் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. செம்பூர் ஆன்ட்டியின் இட்லிச் சட்டிக்குக் கைப்பிடி இன்னும் பற்றவைக்கவில்லை."

விஜயராணி இதைத் தன் நோட்டில் எழுதிய மறுநாள் காலை, சுப்ரமணியன் வந்து நின்றார்.

தாராவியில் அவள் அண்ணன் வெயிலுமுத்துவின் பாத்திரப் பட்டறை அது. விக்ரோலியில் கம்பெனி, செம்பூரில் சொந்த ஃப்ளாட் என்று வாழும் சுப்ரமணியன், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் தாராவி ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ.

"இதான் என் பேட்டண்ட்," என்று லேமினேட் செய்த காகிதம் ஒன்றைக் காட்டினார். தொட விடவில்லை. "இட்லி மேல தண்ணி சொட்டாத மூடி. உள்பக்கம் சுத்தி ஒரு மடிப்பு, ஆவி தண்ணியாகி அதுல இறங்கிடும். கிச்சனுக்குள்ள நான் கால் வச்சதுகூட இல்லை. டேபிள்ல உக்காந்து மூளையிலயே டிசைன் பண்ணினது. 2021ல அப்ளிகேஷன் போட்டேன், இந்த வருஷம் கிடைச்சுது. அதை நீ ஜாலியா வித்துண்டு இருக்கே."

"பதினோரு வருசமா இந்த மூடியை அடிக்கேன் சார்," என்றான் வெயிலுமுத்து.

"காப்பிதானே அடிக்கறே? பில் இருக்கா? போட்டோ இருக்கா? இந்தச் சந்துல பை தைக்கறவன் பாரிஸ் பேரை ஒட்டி விக்கறான். இங்க ஒருத்தன் புதுசா கண்டுபிடிச்சான்னு சொன்னா நாய்கூட நம்பாது."

வெயிலுமுத்து தலை குனிந்தான். பில் போட்டு விற்கும் வழக்கம் அந்தப் பட்டறைக்கு என்றைக்கு இருந்தது?

சுப்ரமணியன் இன்னொரு காகிதத்தை மேஜைமேல் போட்டார். இனி அந்த மூடியைச் செய்வதில்லை, அதை அடிக்கும் அச்சான டையையும் கம்பெனியிடம் ஒப்படைக்கிறேன் என்று அதில் டைப் செய்திருந்தது. பட்டறையில் முக்கால்வாசி வேலை அந்த மூடிதான். டை போனால் ஷட்டரை இறக்கிவிட்டு ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான்.

"சார்," என்றாள் விஜயராணி. "அப்ளிகேஷன் போடுறதுக்கு முன்னாலயே ஒரு பொருள் வெளியில வித்துருந்தா, சட்டப்படி அது புதுசு இல்ல. புதுசு இல்லாததுக்குக் குடுத்த பேட்டண்ட்ட ரத்து பண்ணச் சொல்லி மனு போடலாம்." வகுப்பில் சொன்னதைச் சரியாகத்தான் எழுதிக்கொண்டோமா என்று அந்த நேரத்திலும் அவளுக்குச் சந்தேகம்.

"ஓகோ. வக்கீல் மேடமா?"

"இல்ல சார். மாட்டுங்காவுல சாயங்கால க்ளாஸ். மூணு மாசம்."

"மூணு மாச வக்கீல். சரிங்க மேடம், வித்ததுக்கு என்ன ப்ரூஃப்?"

விஜயராணி அலமாரியிலிருந்து ஓர் இட்லிச் சட்டியை எடுத்து வைத்தாள். ஒரு கைப்பிடி கழன்றிருந்தது. மூடியின் உள்ளே அதே மடிப்பு. விளிம்பில் தமிழில் இரண்டு வரி, கடைசியில் 5.9.2014 என்று தேதி. காலையிலேயே அதை மூன்று முறை படித்துப் பார்த்து, போனில் படமும் எடுத்திருந்தாள். தன் கண்ணையே ஒரு தடவையில் நம்புகிறவள் அல்ல அவள்.

சுப்ரமணியன் எழுத்தை விட்டுவிட்டு தேதியை மட்டும் பார்த்தார். அப்புறம் பக்கத்துப் பெஞ்சில் கிடந்த தாம்பாளத்தை ஒரு கையால் தூக்கினார். ஸ்டிக்கர்கூட உரிக்காத தாம்பாளம். அதிலும் 2014.

"க்யா பாத் ஹை, பிரமாதம்," என்று சிரித்தார். "புதுத் தாம்பாளம், பத்து வருஷப் பழைய தேதி. யார் வெட்டறது?"

"நான்தான் சார். அது தப்பா வெட்டினது."

"இது மட்டும் சரியா வெட்டினதாக்கும். நேத்து ஒரு சட்டி செஞ்சு, கைப்பிடியைப் பிடுங்கி, பழசாக்கி, தேதியும் வெட்டியாச்சு. தொழில் சுத்தம்."

வெயிலுமுத்து கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தான். "ஏளா, விடு. ஒன் க்ளாஸு பாடமெல்லாம் பெரிய எடத்துல செல்லாது."

"பொறுண்ணே. சார், மூடியில என்ன பேர் இருக்குன்னு படிச்சீங்களா?"

"தமிழ் பேசுவேன், படிக்க வராது. அதனால ஒண்ணும் கெட்டுப் போகலை. யார் பேர் இருந்தா எனக்கென்ன? இந்தச் சட்டிக்குச் சொந்தக்காரனே நேர்ல வந்து நின்னாலும், அவன் ஒரு ஃப்ராடுன்னுதான் சொல்வேன்."

விஜயராணி மூடியைத் தன் பக்கம் திருப்பினாள். நாலாவது முறையாக, ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, உரக்கப் படித்தாள்.

"'கீதா, சுப்ரமணியன் தம்பதியின் செம்பூர் புதுமனைக்கு, மாட்டுங்கா நண்பர்கள் அன்பளிப்பு.'"

மூக்கிலிருந்த கைக்குட்டை மெல்லக் கீழே இறங்கியது. வெயிலுமுத்து பேனாவை மூடினான்.

"கைப்பிடி நாளைக்குப் பத்தவச்சிருவோம் சார். வீட்ல கீதா ஆன்ட்டிட்ட சொல்லிருங்க."