குட்டிக்கு வயிறு சரியில்லை

குட்டி மறுபடியும் கழிந்துவிட்டது. இந்தமுறை மாரிக்கண்ணனின் மடியிலேயே.

"ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்ல" என்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினான்.

பழைய துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, வாலைத் தூக்கிப் பிடித்து, பின்னங்கால் இடுக்குகளை அலுங்காமல் துடைத்துவிட்டான். கைலியை வாளியில் ஊறப்போட்டு வேறொன்றைக் கட்டிக்கொண்டான். முகம் சுளிக்கவில்லை. அது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பஸ் ஸ்டாப்பில் கத்திக்கொண்டு கிடந்த நாய்க்குட்டி. மகள் ஹர்ஷினி பள்ளிக்கூடப் பைக்குள் வைத்துத் தூக்கி வந்திருந்தாள். பால் மணம் மாறாதது. நேற்று சாயங்காலம் கடைப் பரோட்டாவைச் சால்னாவில் ஊறவைத்து அதற்கு ஊட்டியவன் மாரிக்கண்ணன்தான். வாலை ஆட்டி ஆட்டித் தின்றது.

காலையில் அது நிற்கமுடியாமல் தள்ளாடியதும் ஹர்ஷினி பையை இறக்கி வைத்துவிட்டு அழுதாள்.

"நான் வீட்லதான இருக்கேன், பாத்துக்கிறேன். நீ போ" என்று அனுப்பிவைத்தான்.

வீட்டில்தான் இருந்தான். அதிகாரிகள் சோதனைக்கு வந்துபோனதிலிருந்து அவன் வேலை பார்த்த பட்டாசு கம்பெனி பூட்டிக் கிடந்தது. மனைவி ரோஜா மட்டும் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேனில் போய் வந்துகொண்டிருந்தாள். விடியுமுன்னே ஹாரன் அடித்துவிடும்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டான். ரத்தம் கலந்து போகிறதா என்று டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றான். என்ன தின்றது என்று கேட்டார். பரோட்டா என்று சொல்ல நாக்கு கூசியது. சொன்னான்.

"சின்னக் குட்டிக்கு சால்னாவா குடுப்பீங்க? பாலையும் நிறுத்துங்க. ஓ.ஆர்.எஸ் தண்ணி கொஞ்சங் கொஞ்சமா குடுங்க. ரத்தம் போனாலோ துவண்டு விழுந்தாலோ உடனே தூக்கிட்டு வந்துரணும்."

மருந்துக்கடையில் பொடியும், ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றும் வாங்கி வந்தான். குட்டியை மடியில் மல்லாத்தாமல், தலையை மட்டும் நிமிர்த்தி, கடைவாய் வழியே சொட்டுச் சொட்டாக விட்டான். பாதி வெளியே வழிந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டான்.

"குடிடா ராசா. கழிஞ்சா கழிஞ்சுட்டுப் போ. நான் எதுக்கு இருக்கேன்? வெக்கப்படாத."

அடுத்த வீட்டு சொர்ணலட்சுமி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்க்க ஆளில்லை என்று சிரித்துவிட்டுப் போனாள். மாரிக்கண்ணனுக்கு அது பெருமையாக இருந்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது குட்டி எழுந்து நின்றது. குழைய வடித்த சோற்றை இரண்டு நக்கு நக்கியது. அப்புறம் சாக்கில் சுருண்டு, வயிறு ஏறி இறங்க நிம்மதியாகத் தூங்கிப்போனது.

வீடு முழுக்க பினாயில் போட்டுத் துடைத்தான்.

வாடை போகவில்லை.

கட்டிலடியில் பார்த்தான். கிரைண்டருக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கு அந்தப் பக்கம். எங்கும் ஒன்றுமில்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தான். உள்ளறைப் பக்கம் மட்டும் போகவில்லை.

உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏலே மாரி, குட்டிக்கு நின்னுருச்சா?"

அவனுடைய அப்பா சங்கிலிமுத்து. பங்குனிப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு கையும் காலும் விழுந்ததிலிருந்து அந்த அறைதான் அவருக்கு. காலையில் வேன் ஏறுவதற்கு முன்னும், சாயங்காலம் வந்ததும் ரோஜாதான் அவரைப் புரட்டி, துடைத்து, துணி மாற்றுவாள். திரை இழுபடும் சத்தம் கேட்டாலே மாரிக்கண்ணன் டீக்கடைக்கு நடந்துவிடுவான். ஒரே ஒரு தடவை ஒத்தாசைக்குக் கூப்பிட்டாள். எனக்குக் குமட்டுது என்றான். அவள் அப்புறம் கூப்பிடவில்லை.

"நின்னுருச்சுப்பா."

"நல்லது. நீ உள்ள வந்துராத. மருமக வந்துரட்டும்" என்றார்.

மாரிக்கண்ணன் திரையை விலக்கினான்.

சங்கிலிமுத்து நல்ல கையால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் பிடித்திருந்தார். ஈரம் பாயைத் தாண்டித் தரைக்கு வந்து, ஓரம் காய்ந்துபோயிருந்தது. சுவரைப் பார்த்தபடி கிடந்தார். மகன் பக்கம் திரும்பவில்லை.

"எப்பப்பா?"

"புள்ள பள்ளிக்கூடம் போகவுமே."

அவன் குனிந்து போர்வையைத் தொட்டான். கிழவரின் விரல்கள் விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

"ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல."

"குடுத்தேன்." அவனைத் தேற்றுவதுபோல அவரே சொன்னார். "நீ குட்டிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தயா, காதுல விழுந்திருக்காது."

விழுந்திருந்தது.