மாப்பிள்ளை வீட்டாரின் மீட்டர்

பெண் பார்க்க வருகிறவர்கள் காபிக்கு முன்னால் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைப் பார்ப்பதுதான் இப்போது வழக்கம். போன மாதம் அக்காவைப் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனார்கள்.

இன்று வந்த மாப்பிள்ளையின் தாய் கைப்பையிலிருந்து மீட்டரை எடுத்து வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு புள்ளி ஆறு வோல்ட்டு. பரவாயில்லையே."

அக்காவின் முகம் தெளிந்தது. தங்கை வெண்பா ஃபேன் சுவிட்சையே பார்த்தாள். செத்துக் கிடந்த பேட்டரியைப் பிரித்து, தகடுகளைக் கழுவி, மூன்று முறை தோற்று, நான்காம் முறை கட்டியவள் அவள். ஃபேன் ஓடினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"ஃபேனைப் போடும்மா" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

"பத்து நிமிஷந்தான் ஓடும் அத்தை. பழசை நான்தான் பிரிச்சுக் கட்டினேன்."

அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளையின் தாய் மீட்டரின் ஒயர்களை மெல்லச் சுருட்டினார். "பத்தா? எங்க வீட்டுது ஆறுதான் ஓடுது. தகட்டுக்கு நடுவுல என்ன வெச்ச, சொல்லு. கல்யாணத்துக்கு முன்னாடி அதையும் கட்டிரலாம்."